வெள்ளைக் கோலும் கைப்பேசியும்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஆவடிச் சாலை வந்து சேரும் முனை கரையான்சாவடி. அங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் வெள்ளைக் கோலோடு நிற்பவர்களைப் பார்ப்பது புதிதல்ல. விடுதலைக்கு முன்பே தொடங்கிய அரசுப் பார்வையற்றோர் பள்ளி பூந்தமல்லியில்தான் இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பார்வைத்திறன் குறையுடையோர் மேம்பாட்டு நிறுவனத்தின் மண்டல மையமும் பூந்தமல்லியில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஓர் இளைஞர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கோலை மடித்துப் பையில் செருகிவிட்டு, கைப்பேசியை மூக்கு நுனிவரை கொண்டுபோய் வாட்ஸ்அப் படிக்கிறார். அடுத்த நிமிடம் பஸ் வருகிறது. முகப்பில் சாண் உயரத்துக்கு எண் எரிகிறது. அதைப் படிக்க முடியாமல் அவர் பக்கத்தில் நிற்பவரிடம், “அண்ணா, இது 54-ஆ?” என்று கேட்கிறார். அண்ணன் பதில் சொல்கிறார். சொன்ன கையோடு ஒரு சந்தேகமும் அவருக்குள் முளைக்கிறது. சின்ன எழுத்து தெரிகிறது, பெரிய எழுத்து தெரியவில்லையா? கண் தெரியாதவருக்குப் போன் எதற்கு? நடிப்போ?

இந்தச் சந்தேகத்துக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. பார்வை என்பது குடத்துத் தண்ணீர்போல. நிறைய இருக்கலாம், குறைய இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எப்படியானாலும் ஒரே அளவுகோலில் ஒரே மட்டம்தான் என்பது அந்தக் கணக்கு. அதன்படி சின்னதைப் பார்க்கிறவர் பெரியதையும் பார்த்தாக வேண்டும். கண் அப்படி வேலை செய்வதில்லை. அதைக் குடத்தோடு ஒப்பிடுவதைவிட, மூன்று பேஸ் கரண்ட் வந்துகொண்டிருந்து அதில் ஒன்று போய்விட்ட வீட்டோடு ஒப்பிடுவது பொருத்தம். கூடத்தில் விளக்கு எரியும், சமையலறை இருட்டாக இருக்கும், மோட்டார் ஓடாது. தெருவில் நின்று கூடத்து விளக்கைப் பார்த்த அண்டை வீட்டுக்காரர், “உங்க வீட்லதான் கரண்ட் இருக்கே” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு ஜன்னலை மட்டும் பார்த்துவிட்டு வீடு முழுவதையும் பற்றிப் பேசுகிறார். கடுமையான பார்வைக் குறைவு உள்ளவர்களைப் பற்றி நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஜன்னல் சாட்சியம்தான்.

முதலில் எழுத்துப் புதிருக்கு வருவோம். ஒரு பொருள் எவ்வளவு பெரியது என்பது கண்ணுக்குத் தெரியாது. அது கண்ணில் எவ்வளவு கோணத்தை அடைக்கிறது என்பது மட்டுமே தெரியும். நீட்டிய கையின் கட்டைவிரல் முழுநிலாவை மறைத்துவிடுவது இதனால்தான். விரல் ஏறக்குறைய இரண்டு பாகை, நிலா அரைப் பாகை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற கண் மருத்துவர் 1862இல் இந்த உண்மையை ஓர் அட்டையில் ஏற்றினார். கண் மருத்துவமனைச் சுவரில் மேலே ஒரே ஒரு பெரிய எழுத்தும் கீழே போகப்போகச் சிறுத்துவரும் வரிசைகளுமாகத் தொங்குகிறதே, அதுதான். இயல்பான கண் 60 மீட்டர் தொலைவிலிருந்து படித்துவிடும் அளவில் மேல் எழுத்தை அமைத்தார். அதை ஒருவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடிகிறது என்றால் அவருடைய பார்வை 6/60. மேலே இருப்பது அவர் நிற்கும் தொலைவு, கீழே இருப்பது இயல்பான கண் நிற்கக்கூடிய தொலைவு. பின்னம்போல எழுதினாலும் இதைச் சதவீதமாக வாசிக்கக் கூடாது. 6/60 என்றால் பத்தில் ஒரு பங்கு பார்வைதான் மிச்சம் என்று பொருளல்ல. நுணுக்கத்தைப் பிரித்தறியும் ஒரே ஒரு திறனின் அளவு அது. அதைப் பார்வைக் கூர்மை என்கிறோம். மேல் எழுத்தும் 6 மீட்டரில் தெரியாதவரை அட்டையை நோக்கி ஒவ்வோர் அடியாக நடக்கச் சொல்வார்கள். 3 மீட்டரில் தெரிந்தால் 3/60. அதற்கும் கீழே விரல்களை எண்ணச் சொல்வது, கையசைவு தெரிகிறதா என்று கேட்பது, கடைசியாக டார்ச் அடித்து வெளிச்சமாவது தெரிகிறதா என்று கேட்பது. முழு இருட்டுக்கு முன்னால் இத்தனை படிகள் இருக்கின்றன.

இப்போது பஸ்ஸின் கணக்கைப் போடலாம். முகப்பு எண்ணின் உயரம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இயல்பான கண்ணுக்கு அது 140 மீட்டர் தொலைவிலேயே தெரியத் தொடங்கும். 6/60 பார்வைக்கு 14 மீட்டர், 3/60 பார்வைக்கு 7 மீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் பஸ் 14 மீட்டரை இரண்டு விநாடிக்குள் கடந்துவிடும், 7 மீட்டரை ஒரே விநாடிக்குள். எண் தெரிவதும் பஸ் தாண்டிப்போவதும் ஒன்றாக நடக்கும். கைப்பேசியில் நடப்பது வேறு. எழுத்தை ஒரு சென்டிமீட்டராகப் பெருக்கிவைத்து முகத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அருகில் பிடித்தால், அது கண்ணில் அடைக்கும் இடம் ஸ்னெல்லன் அட்டையின் மேல் எழுத்து 6 மீட்டரில் அடைப்பதைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு. 3/60 பார்வைக்குக்கூடத் தேவையைவிட மூன்று மடங்குக்கு மேல். அந்த இளைஞரின் கண்ணுக்குக் கைப்பேசிதான் பெரிய எழுத்து, பஸ் எண்தான் பொடி எழுத்து. வயதானவர்களின் கண்வில்லை இறுகிப்போவதால் அவ்வளவு அருகில் குவியாது. அவர்கள் கையில் உருப்பெருக்கி வைத்துக்கொள்வார்கள். இதே கணக்கில் இன்னொன்றும் வரும். 6/60 பார்வையுள்ளவர் படிக்கக்கூடிய மிகச் சிறிய எழுத்தே முழுநிலாவைவிடப் பெரியது. நிலா இருப்பது அவருக்குத் தெரியும். நிலா அளவுக்கு ஓர் எழுத்தை வானத்தில் எழுதிவைத்தால் அதைப் படிக்க முடியாது.

கூர்மை இவ்வளவு முக்கியம் என்றாலும், கண் அதைச் செலவழிக்கும் விதம் கஞ்சத்தனமானது. விழித்திரையின் நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. அதன் பெயர் மையக்குழி. நுணுக்கமும் நிறமும் உணரும் கூம்பு செல்கள் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. மங்கிய வெளிச்சத்துக்கான குச்சி செல்கள் அதன் நட்டநடுவில் அறவே இல்லை, ஓரங்களில் பரவிக்கிடக்கின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த ஆஸ்டர்பெர்க் 1935இல் ஒரு மனித விழித்திரையை நுண்ணோக்கியில் வைத்து இடம் இடமாக எண்ணி வெளியிட்ட கணக்கு இன்றும் பாடப்புத்தகங்களில் வருகிறது. அதை உணர்வதற்கு நுண்ணோக்கி தேவையில்லை. இந்த வரியில் ஒரு சொல்லை உற்றுப் பார்த்துக்கொண்டே, கண்ணை நகர்த்தாமல் நாலு சொல் தள்ளி இருப்பதைப் படிக்கப் பாருங்கள். அங்கே சொல் இருப்பது தெரியும், என்ன சொல் என்பது தெரியாது. உலகம் முழுவதும் கூர்மையாகத் தெரிவதுபோலத் தோன்றுவதற்குக் காரணம், கண் ஓயாமல் தாவிக்கொண்டே இருப்பதும் மூளை அதைத் தைத்துத் தருவதும்தான்.

ஆகவே கண்ணில் குறைந்தது இரண்டு துறைகள் இருக்கின்றன. நடு, படிப்பதற்கும் முகம் அறிவதற்கும். ஓரம், நடப்பதற்கும் அசைவை உணர்வதற்கும் இருட்டில் பார்ப்பதற்கும். ஒன்று கெட்டு மற்றது நன்றாக இருக்கலாம், அங்கேதான் ஜன்னல் சாட்சிகள் அதிகம் தடுமாறுகிறார்கள். மையக்குழி பழுதானவர் கரும்பலகையைப் படிக்க மாட்டார், எதிரே வருவது யார் என்று தெரியாது. ஆனால் நடுவழியில் கிடக்கும் முக்காலியைச் சுற்றிக்கொண்டு போவார், தரையில் உருண்ட காசைக் குனிந்து எடுப்பார். “காசு மட்டும் தெரியுது, என் மூஞ்சி தெரியலையா?” என்று சொந்தக்காரர்கள் மனத்தாங்கல் கொள்வது இவர் விஷயத்தில்தான். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் எங்கோ பார்க்கிறார் என்ற புகாரும் இவர்மேல்தான் வரும். நடுவில் தெரியாததால் பார்வையைச் சற்று விலக்கி, நல்லபடி இருக்கும் ஓரத்தை நம்மீது விழச்செய்கிறார். நம்மைச் சரியாகப் பார்ப்பதற்காகவே அவர் வேறு பக்கம் திரும்புகிறார்.

இதற்கு நேர் எதிர், ஓரம் போனவர். கண்ணை நகர்த்தாமல் நமக்கு ஏறக்குறைய 180 பாகைக்கு உலகம் தெரிகிறது. இந்தப் பரப்புக்குப் பார்வைப் புலம் என்று பெயர். நீட்டிய கையின் முஷ்டி சுமார் பத்துப் பாகை. அந்த முஷ்டி அகலத்துக்கு மட்டும் தெரிகிறது, மற்றதெல்லாம் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவர் தினத்தந்தியின் வரி விளம்பரத்தைப் படிக்கலாம், அரிசியில் கல் பொறுக்கலாம், ஸ்னெல்லன் அட்டையில் 6/6 கூட எடுக்கலாம். எழுந்து நடந்தால் தண்ணீர் டிரம்மில் இடித்துக்கொள்வார். பகலில் ஓரளவு சமாளித்து மாலையில் தவிப்பவர்களும் இவர்களில் உண்டு, ஏனென்றால் குச்சி செல்கள்தான் முதலில் சாகின்றன. மாலைக்கண் என்றதும் நமக்கு வைட்டமின் ஏ குறைபாடு நினைவுக்கு வரும். மரபுவழியாக வரும் ஒரு வகை விழித்திரைச் சிதைவும் அதே மாலைக்கண்ணாகத்தான் தொடங்குகிறது. உலகக் கணக்கில் ஏறக்குறைய 4,000 பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது. தென்னிந்தியாவில் நடந்த ஆய்வுகள் இதைவிடக் கூடுதலாகக் கண்டிருக்கின்றன. மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கம் அதற்கு ஒரு காரணம். இருவரிடமும் மறைந்திருக்கும் அதே பழுதான மரபணு பிள்ளையிடம் சேரும் வாய்ப்பை அது கூட்டுகிறது.

புலம் சுருங்குவதில் இன்னொரு விசித்திரம், பலருக்கு அது தெரிவதே இல்லை. கண்ணழுத்த நோயில் பார்வை நரம்பின் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். நோயாளி கடைசிக் கட்டத்தில்தான் மருத்துவரிடம் வருவார். பார்வை போகும்போது கறுப்பாகத் தெரியாதா, அதைக்கூடவா கவனிக்க மாட்டார்கள்? சோதித்துப் பாருங்கள். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து முன்னால் நீட்டி, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் இடது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு, வலது விரலை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். முக்கால் சாண் நகர்ந்ததும் விரல் நுனி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடம் அது, அங்கே ஒளியை உணரும் செல்களே கிடையாது. பிரான்சின் மாரியோட் 17ஆம் நூற்றாண்டிலேயே கண்டுசொன்ன குருட்டுப் புள்ளி. நுனி மறைந்த இடத்தில் கறுப்பு ஓட்டை தெரிந்ததா? இல்லை, பின்னால் இருக்கும் சுவர் தெரிந்திருக்கும். அக்கம்பக்கத்தை வைத்து மூளை அந்த இடத்தைப் பூசிவிடுகிறது. நம் ஒவ்வொருவருக்கும் பிறந்த நாள் முதல் கண்ணில் ஓட்டை இருந்தும் இதுவரை கவலைப்படவில்லை. பார்வையின்மை என்றால் கறுப்பு என்று சினிமா சொல்லிக்கொடுத்ததை இங்கேயே விட்டுவிடலாம். உங்கள் பின்னந்தலைக்குப் பின்னால் இப்போது என்ன நிறம் தெரிகிறது? கறுப்பு என்று சொல்ல மாட்டீர்கள். எதுவும் தெரியவில்லை என்பதும் கறுப்பாகத் தெரிகிறது என்பதும் ஒன்றல்ல.

கூர்மையும் புலமும் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்துக்குத் தெரியும். சட்டம் பெரிதாகக் கண்டுகொள்ளாத மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அட்டையில் எழுத்து கறுப்பு, பின்னணி வெள்ளை. கரையான்சாவடியில் எல்லாம் சாம்பல்மேல் சாம்பல். சிமென்ட் படிக்கட்டின் விளிம்பு, நடைபாதை முடியும் இடம், மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்பு, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். எடுப்பாகத் தெரிகிறது என்கிறோமே, அந்த எடுப்பை உணரும் திறனை எடுப்புணர்வு என்று சொல்லலாம். எழுத்தின் அளவை மாற்றாமல் கறுப்பை மட்டும் படிப்படியாக வெளுக்கவைக்கும் ஓர் அட்டை 1988 முதல் இதை அளக்கிறது. ஸ்னெல்லன் அட்டையில் ஒரே எண் வாங்கிய இருவரில் ஒருவர் வாழையிலைச் சோற்றையும் வெள்ளைப் பீங்கான் தட்டுச் சோற்றையும் ஒரேபோலச் சாப்பிடுவார். மற்றவருக்குப் பச்சை இலையில் வெள்ளைச் சோறு பளிச்சென்று தெரியும், வெள்ளைத் தட்டில் சோறு எது தட்டு எது என்று கை தடவும். இட்லிமேல் தேங்காய்ச் சட்னி அவருக்கு நாக்கில்தான் தெரியும். காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை இங்கே நிறைய இருக்கின்றன. படி விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு, பாலுக்குக் கறுப்பு டம்ளர், வெள்ளைச் சுவரில் கறுப்பு சுவிட்ச்பெட்டி.

இத்தனை சரிவுகளுக்கு நடுவே சட்டம் ஒரு கோடு கிழிக்க வேண்டியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, முற்றிலும் பார்வை இல்லாதவரும், சிறந்த கண்ணாடி போட்டபிறகும் இரு கண்களில் நல்ல கண்ணின் கூர்மை 3/60க்குக் கீழே உள்ளவரும், புலம் பத்துப் பாகைக்குக் குறைந்தவரும் பார்வையற்றவர்கள். அதற்கு மேலே 6/18 வரையும், புலத்தில் நாற்பது பாகைக்குக் கீழேயும் இருப்பவர்கள் குறைபார்வையாளர்கள். பள்ளி விடுதிகளில் இவ்வளவு நீட்டி முழக்குவதில்லை. டோட்டல், பார்ஷியல் என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். சட்டத்தில் “கண்ணாடி போட்டபிறகும்” என்ற சொற்கள் முக்கியம். கண்ணாடியைக் கழற்றினால் எனக்கும்தான் ஒன்றும் தெரியாது என்று அனுதாபத்தோடு சொல்பவர்கள் உண்டு. கழற்றினால் என்பதுதான் அங்கே வேறுபாடு, அவர்கள் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஒரு கண் மட்டும் முற்றிலும் போனவருக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழில் கிடைப்பது 30 சதவீதம். சலுகைகளுக்கான எல்லை 40.

இந்தக் கோடு இயற்கையில் எங்கும் கிடையாது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் அது 6/60, இருபது பாகை என்று இருந்தது. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமும் பல பத்தாண்டுகள் 6/60ஐயே வைத்திருந்து, உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவோடு ஒத்துப்போக 2017இல் 3/60க்கு இறங்கியது. அமெரிக்காவில் 1930களிலிருந்து இன்றுவரை 20/200, அடிக்கணக்கை மீட்டராக்கினால் அதுவும் 6/60தான். ஆக, 4/60 பார்வையுள்ள தமிழர் ஒருவர் நியூ ஜெர்சியில் சட்டப்படி பார்வையற்றவர். விமானம் ஏறி மீனம்பாக்கத்தில் இறங்கினால் குறைபார்வையாளர். வழியில் கண்ணில் எதுவும் நடக்கவில்லை. 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய ஆய்வு நாட்டில் பார்வையின்மை 0.36 சதவீதம் என்றது. அதற்கு முந்தைய ஆய்வுகளின் ஒரு சதவீதத்தோடு இதை அப்படியே பக்கத்தில் வைத்து மகிழ்வது தவறு. உண்மையான முன்னேற்றமும் இருக்கிறது, கோடு இறங்கியதால் கணக்கிலிருந்து விழுந்தவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் கோடே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். பஸ் பாஸ், உதவித்தொகை, வேலையில் ஒதுக்கீடு, தேர்வில் சொல்வதை எழுதுபவர் இவற்றையெல்லாம் யாருக்குத் தருவது என்று அரசு எங்காவது முடிவுசெய்துதான் ஆக வேண்டும். பதினெட்டு வயதில் ஓட்டு என்பதும் இதுபோன்ற கோடுதான். பதினேழு வயது பதினொரு மாதத்தில் யாரும் அறிவில்லாமல் இருப்பதில்லை. என் வாதம் கோட்டின்மேல் அல்ல. நிர்வாகத்துக்காகப் போட்ட கோட்டை எடுத்து, இந்தப் பக்கம் இருட்டு அந்தப் பக்கம் வெளிச்சம் என்று மனிதர்களைப் பிரித்துப் பார்க்கும் நம் வழக்கத்தின்மேல். கோட்டுக்குக் கீழே இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஓரளவு எஞ்சிய பார்வை உண்டு. அது சட்டத்தின் ஓட்டை அல்ல, சட்டமே அறிந்து ஒப்புக்கொண்டது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. எஞ்சிய பார்வை இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், தெரிந்துகொண்டே தெரியவில்லை என்று சான்றிதழ் வாங்குபவரை எப்படிப் பிடிப்பது? ஏமாற்றுபவர்கள் எந்தச் சலுகையிலும் உண்டு. இங்கே கண்ணே அவர்களைக் காட்டிக்கொடுக்கும் வழிகள் இருக்கின்றன. கறுப்பு வெள்ளைக் கோடுகள் போட்ட உருளையை முன்னால் சுழற்றினால், ஓடும் ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்தவருடைய கண்போல, பார்க்கிறவரின் விழி தன்னையறியாமல் வெட்டிவெட்டி அசையும். மனம் வைத்து அதை நிறுத்துவது மிகக் கடினம். புலத்தை அளக்கும் அரைக்கோளக் கருவியில் தாடையை வைத்து, நடுப்புள்ளியைப் பார்த்தபடி, வெளிச்சப் பொட்டு தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். கருவி இடையிடையே குருட்டுப் புள்ளியிலும் ஒரு பொட்டைக் காட்டும். அங்கே தெரிந்ததாக அமுக்கினால் கண் நகர்ந்திருக்கிறது, அல்லது ஆள் குத்துமதிப்பாக அமுக்குகிறார். பின்மண்டையில் மின்முனை ஒட்டி, பார்க்கும்போது மூளையில் எழும் மின்னலையையும் அளக்கலாம். பொய்யாகச் சலுகை பெற்றால் இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தின் 91ஆம் பிரிவு சொல்கிறது. இவ்வளவு ஏற்பாடு இருக்கையில், பஸ் நிறுத்தத்தில் நிற்பவர் தன் கண்ணளவில் ஒரு மருத்துவ வாரியம் நடத்தத் தேவையில்லை.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள். கோலும் பிரெய்லும் எதற்கு, கண்ணைச் சரிசெய்ய வேண்டியதுதானே? சரிசெய்யக்கூடியவர்களுக்கு இது முழு நியாயம். அதே தேசிய ஆய்வில், ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையின்மைக்கு 66.2 சதவீதம் காரணம் கண்புரை. அரைமணி நேரத்துக்குள் முடியும் அறுவை. அதற்காக ஒருவர் பார்வையில்லாமல் உட்கார்ந்திருப்பது மருத்துவத்தின் தோல்வி அல்ல, அவருக்கும் மருத்துவமனைக்கும் இடையில் உள்ள தூரத்தின் தோல்வி. மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை அந்தத் தூரத்தைக் குறைத்ததால்தான் பெயர் பெற்றது. ஆனால் பூந்தமல்லிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோரின் கதை வேறு. வாடிய பார்வை நரம்புக்குக் கண்ணாடி இல்லை. மரபுவழி விழித்திரை நோய்க்கு அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்ற முதல் மரபணுச் சிகிச்சை, அந்த நோயைத் தரும் எத்தனையோ மரபணுக்களில் ஒன்றே ஒன்றுக்கானது. சிகிச்சை வரட்டும் என்று காத்திருந்தால் பள்ளிக்கூட வயது காத்திருக்காது.

அதற்குள் வாழ்வது எப்படி? “ஆண்டவன் ஒன்றை எடுத்து ஒன்றைக் கொடுப்பான், அவங்களுக்குக் காது கூர்மை” என்பது நம் ஊர் ஆறுதல். அதில் பாதி உண்மை. 1940களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாலன்பாக் குழுவினர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். பார்வையற்றவர் பலர் சுவரை நெருங்கும்போது முட்டாமல் நின்றுவிடுகிறார்கள். எப்படி என்று கேட்டால் முகத்தில் ஏதோ படுவதுபோல உணர்வதாகச் சொன்னார்கள். குழுவினர் தலையைத் தடித்த துணியால் மூடி நடக்கவிட்டார்கள். அப்போதும் நின்றார்கள். காதை அடைத்து நடக்கவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொண்டார்கள். முகத்தில் உணர்ந்ததாக நினைத்தது உண்மையில் தங்கள் காலடி ஓசையின் எதிரொலி, அது அவர்களுக்கே தெரியவில்லை. கண்ணைக் கட்டிய பார்வையுள்ள மாணவர்களும் பழகப்பழக இதைக் கற்றுக்கொண்டார்கள் என்பது அதைவிடச் சுவையான முடிவு. ஆகவே காது கூர்மை ஆண்டவன் கொடுத்த ஈடு அல்ல, பயிற்சி. பயிற்சி மூளையையே மாற்றியமைக்கிறது. சிறுவயதிலேயே பார்வை இழந்தவர் பிரெய்ல் படிக்கும்போது, பின்மண்டையில் பார்வைக்கென்று இருக்கும் பகுதி சுறுசுறுப்பாவதை 1996இல் மூளைப் படங்கள் காட்டின. சும்மா எரிகிறதா, உண்மையில் வேலை செய்கிறதா? பிறவியிலேயே பார்வையற்ற, பிரெய்லில் தேர்ந்த ஒரு பெண்மணிக்குப் பின்மண்டையின் இரு பக்கமும் பக்கவாதம் தாக்கிய செய்தி 2000ஆம் ஆண்டில் வெளியானது. விரலில் உணர்வு குறையவில்லை. புள்ளிகள் இருப்பது தெரிந்தது, படிக்க முடியவில்லை. பார்வைக்கென்று இருந்த அறையில் படிப்பு குடியேறியிருந்தது அப்படித்தான் தெரிந்தது.

இதைத் தெரிந்துகொண்டு கரையான்சாவடி முனையைக் கேட்டுப் பாருங்கள். எதிரொலியால் சுவரை அறிபவருக்கு இடைவிடாத ஹாரன் என்பது நமக்கு மார்கழிப் பனிமூட்டம்போல. சத்தமில்லாமல் வரும் மின்சார ஸ்கூட்டர் விளக்கில்லாமல் வரும் லாரிக்குச் சமம். கோலின் வேலையும் இங்கேதான் விளங்கும். அடுத்த கால் விழப்போகும் இடத்தை ஒரு தப்படி முன்னதாகத் தட்டிப்பார்ப்பது அதன் ஒரு வேலை. நீளக் கோலை இடமும் வலமுமாக வீசித் தட்டும் முறையை, போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1940களில் ரிச்சர்ட் ஹூவர் வகுத்தார். வெள்ளை நிறம் வேறு வேலைக்கு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் விபத்தில் பார்வை இழந்த ஜேம்ஸ் பிக்ஸ் 1921இல் தன் கைத்தடிக்கு வெள்ளை அடித்தது, வண்டிக்காரர்கள் தன்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. நம் இளைஞர் நிறுத்தத்தில் நிற்கும்போது கோலை மடித்துவைத்தது, நிற்கும்போது அது தேவையில்லை என்பதால். சாலை கடக்கும்போது விரிப்பார். மூக்குக்கண்ணாடியைப் படிக்கும்போது மட்டும் போடுபவரை நாம் நடிகர் என்பதில்லை.

மெட்ரோ நிலையங்களிலும் நடைமேடைகளிலும் காலடியில் மேடுகள் வைத்த மஞ்சள் கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் செய்ச்சி மியாகே 1965இல் உருவாக்கி, 1967இல் ஒகயாமா நகரத் தெருவில் முதலில் பதித்தது. மேடு, காலாலும் கோலாலும் உணர்வதற்கு. மஞ்சள் எதற்கு? பார்வையே இல்லாதவர்களுக்கு நிறம் எதற்கு என்று கேட்டால், அந்தக் கல்லைப் பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மஞ்சள் தெரியும் என்பதே பதில். நம் காலடியிலேயே இந்த உண்மை பதிந்துகிடக்கிறது. சில ஊர்களில் அழகுக்காகச் சாம்பல் தளத்துக்குப் பொருத்தமாகச் சாம்பல் நிறத்திலேயே அந்தக் கல்லைப் பதிக்கிறார்கள், அது கல்லின் பாதியைப் பிடுங்கிவிடும் வேலை. பூந்தமல்லி மெட்ரோ பாதையில் கரையான்சாவடிக்கும் ஒரு நிலையம் உண்டு. நிலையத்துக்குள் மஞ்சள் கோடு ஒழுங்காக இருக்கும். வாசலைத் தாண்டிப் பஸ் நிறுத்தம்வரை அது தொடர வேண்டும், அதன்மேல் பைக் நிற்கக் கூடாது. இரண்டையும் நகராட்சியிடம் கேட்டுவாங்குவது அந்த வட்டாரத்தில் வசிப்பவர்கள் செய்யக்கூடியது.

அதுவரைக்கும், அங்கே பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டி தூரத்தில் வரும்போதே எண்ணையும் ஊரையும் சத்தமாகச் சொல்லுங்கள், யாரும் கேட்காவிட்டாலும். ஏறவோ கடக்கவோ உதவுவதென்றால் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை நீட்டி அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அரை அடி முன்னால் நடங்கள். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பார்க்கட்டும்.